கொஞ்சம் என்றால் எத்தனை மல்லாட்டை?

முடிவெடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். ஓட்டலில் மெனு அட்டையைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "நீங்களே ஏதாவது கொண்டு வாங்க" என்று சர்வரிடம் சரணடைபவனும் நான்தான். இது பெரிய முரண்பாடு என்கிறாள் மனைவி. சர்க்கரை வியாதிக்காரன்தானே சர்க்கரையைப் பற்றி அதிகம் படிப்பான் என்பது என் கட்சி.

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பாடம் ஃபஸ்ஸி கணங்கள். பள்ளிக்கூடக் கணிதத்தில் ஒரு பொருள் ஒரு கணத்துக்குள் இருக்கும், இல்லையென்றால் வெளியே இருக்கும். 'உயரமானவர்கள்' என்ற கணத்தில் ஆறடிக்காரர் உண்டு, ஐந்தடிக்காரர் இல்லை. சரி, ஐந்தே முக்கால் அடிக்காரரை எங்கே நிறுத்துவது? ஃபஸ்ஸி கணிதம் அவரை வாசலிலேயே நிறுத்தி, "நீங்கள் முக்கால்வாசி உள்ளே" என்று 0.75 எழுதிக் கொடுத்துவிடும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே யாருக்கு வேண்டுமானாலும் இடமுண்டு. 'கொஞ்சம்', 'ஓரளவு', 'பரவாயில்லை' என்ற மூன்று சொற்களை வைத்தே காலத்தை ஓட்டும் நமக்காகக் கண்டுபிடித்த கணிதம் இது என்று வகுப்பில் சொல்வேன். இதுவரை யாரும் சிரித்ததில்லை.

இந்தக் கார்த்திகையில் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, 'நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுத்தல்' என்று பயிலரங்கு வைத்து என்னைப் பேச அழைத்தது. போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அழைப்பிதழில் என் பெயர் அச்சாகி வந்துவிட்டது. என் பெரும்பாலான முடிவுகள் இப்படி எடுக்கப்பட்டவைதான். தவிர, என் தங்கை ஸ்டெல்லா திண்டிவனத்தைத் தாண்டிக் கிளியனூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகள் ஜெனிபர் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஒரு தாய்மாமன் எட்டிப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது.

திங்கட்கிழமை காலை விழுப்புரத்தில் டிபன். பொங்கலில் எங்கள் ஊரைவிட மிளகு தாராளம். சாம்பார் எங்கள் ஊரைவிடத் தண்ணீர் தாராளம். விழுப்புரத்தில் யாரைப் பார்த்தாலும் வேறு எங்கோ போய்க்கொண்டிருப்பவர் போலவே சாப்பிடுகிறார்கள். ஒரு கை இலையில், ஒரு கை பையில். சுவரில் இருந்த டிவியில் வானிலைச் செய்தி. வடகடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும் என்றார்கள். எதிர் மேசையில் இரண்டு பேர்.

"வருன்றான்பா."

"எங்க வருன்றான்?"

"ஓரிரு எடத்துல."

"நம்ம எடம் அந்த ஓரிருல கீதா இல்லியா, அத சொல்ல மாட்றானே."

நான் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் இது. இரண்டாவது வடைக்குள் முடித்துவிட்டார்கள்.

பயிலரங்கில் மாணவர்கள் என்னைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் விடுமுறை விடுவாரா மாட்டாரா என்பதுதான் அந்த மண்டபத்தில் இருந்த ஒரே நிச்சயமின்மை. 'மழை வருவது போல் இருக்கிறது' என்பதற்கு எத்தனை மதிப்பெண் தரலாம் என்று நான் பலகையில் எழுதத் தொடங்கியதும் பின் வரிசையில் ஆரவாரம். என் கேள்விக்கு என்று நினைத்துப் பூரித்துப்போனேன். மதியத்திலிருந்து விடுமுறை. சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் மண்டபம் காலி. ஏற்பாடு செய்த பேராசிரியர் சால்வையை மட்டும் அவசரமாகப் போர்த்தி, "மீதிய ஆன்லைன்ல வெச்சிக்கலாம் சார்" என்றார். அப்போதுதான் ஸ்டெல்லாவின் போன்.

கல்யாணமான புதிதில் 'ஏனுங்ணா' என்று பேசிக்கொண்டிருந்தவள். வட தமிழ்நாட்டில் இருபத்தைந்து வருடம் ஊறி வேறு ஆளாகிவிட்டாள்.

"அண்ணே, திண்டிவனத்துல டாக்டரம்மாகிட்ட கீறோம். இன்னாமோ தண்ணி கம்மின்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீ ஜல்தியா கெளம்பி வா."

திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஏறுவது சுலபம். திண்டிவனத்தில் இறங்குவதுதான் கடினம். "ஊருக்குள்ள போவுமா?" என்று கேட்டேன். "போற மாதிரிதான்" என்றார் கண்டக்டர். அந்த மாதிரியின் பொருள், மேம்பாலத்துக்கு அருகில் கொட்டும் மழையில் என்னை இறக்கிவிட்டுச் சென்னையை நோக்கிப் பறந்தபோதுதான் விளங்கியது. எங்கள் ஊர் பஸ்காரர்கள் இறக்கிவிட்டால் 'பார்த்துப் போங்க' என்றாவது சொல்வார்கள். சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். சால்வை வாங்கிய அன்றே அதைப் பயன்படுத்தியவன் நானாகத்தான் இருப்பேன்.

கிளினிக்கில் ஜெனிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அமைதியானவர்.

"குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க டாக்டர்?"

"எட்டு சென்டிமீட்டருக்கு மேல இருந்தா நல்லது. இவங்களுக்கு ஏழு. அஞ்சுக்குக் கீழ போனா வெச்சிக்கினு இருக்க முடியாது, எடுத்துடணும்."

"ஆறுன்னா?"

"ஆறுன்னா பாக்கணும்."

"ஏழுக்குப் பயப்படணுங்களா?"

"பயப்பட ஒண்ணுமில்ல. அலட்சியமாவும் இருக்கக்கூடாது."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் என் துறை முழுவதும் குடியிருக்கிறது. அங்கே இவ்வளவு வியர்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அசைவு கம்மியானா நேரம் காலம் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார் டாக்டரம்மா. "உங்க ஊர்ப் பக்கம் மழைக்கு ரோடு கட்டாயிடும் இல்ல? எதுக்கும் மழை விடற வரைக்கும் பெரிய ஆஸ்பத்திரி பக்கமா இருங்க. விழுப்புரத்துல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

ஸ்டெல்லாவின் விரல் ஜெபமாலையில் ஒரு மணியிலேயே நின்றுவிட்டது. சொந்தக்காரர் இருக்கிறார். அதுதான் தொல்லை. ஜெனிபரின் மாமியார் லூர்து மேரி, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூப்பிடு தூரத்தில் வீடும், வீட்டு முன்னறையில் தையல் கடையும் வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வளைகாப்புப் போட்டு அழைத்து வந்த பெண், பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டுதான் மறுபடியும் மாமியார் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். வயிற்றோடு திரும்பிப் போனால், தாய் வீட்டில் வைத்துப் பார்க்க வக்கில்லை என்று பொருள். கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கும் சில விஷயங்களில் இது ஒன்று. போதாததற்கு, வளைகாப்பு அன்று லூர்து மேரி, "மழைக்காலம், உங்க ஊரு பேஜாரு. பிரசவத்த விழுப்புரத்துலயே வெச்சிக்கலாமே" என்று கேட்க, ஸ்டெல்லா பந்தி நடுவில், "எங்க வூட்டுக்கும் கூரை இருக்குது" என்று சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து இரு பக்கமும் குரல் பதிவு அனுப்பிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

ஸ்டெல்லாவின் கணவர் ஆரோக்கியம் குயிலாப்பாளையம் பக்கம் வீடுகளுக்கு சோலார் தகடு மாட்டுகிறவர். எங்களைக் கிளியனூரில் வந்து ஏற்றிக்கொண்டார். ஊருக்குள் போக ஒரு தரைப்பாலம். ஏரி நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கலில் வழிந்தால் அந்தத் தண்ணீர் இந்தப் பாலத்தின் மேல்தான் நடந்து போகும்.

"ஏரி எப்படி மாப்ள?" என்றேன்.

"கொஞ்சம் தளும்புது மச்சான்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கம்மி, ஏரியில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் அதிகம். இரண்டையும் பார்த்துக்கொண்டு நடுவில் நாங்கள்.

வீட்டில் கேப்பை அடையும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. கோயம்புத்தூரில் நான் கருவாடு சாப்பிட வேண்டுமென்றால் மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போக வேண்டும். இங்கே வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது அடையில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஏழுமலை வந்தார். லோடு வேன் வைத்திருப்பவர். மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றார்.

"சார், ஒரு பழைய ட்ராக்டரு வருது. வாங்கலாமா, வாணாமா?"

"என்னை ஏங்க கேக்கறீங்க?"

"முடிவு பண்றதுலயே நீங்க டாக்டராமே. ஸ்டெல்லாக்கா சொன்னாங்க."

"நான் அந்த மாதிரி டாக்டர் இல்லீங்க."

"ட்ராக்டருக்குத் தனி டாக்டரா சார்?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் ஆய்வேட்டின் தலைப்பை இந்த ஊர் அப்படியே நம்பியிருந்தது. கண் டாக்டர் கண் பார்ப்பது போல, பல் டாக்டர் பல் பிடுங்குவது போல, நான் முடிவெடுத்துக் கொடுப்பவன். அதற்கு மேல் தாய்மாமன். ஜெனிபரை எங்கே வைத்திருப்பது என்று நான் வாயைத் திறந்து சொல்லட்டும் என்றுதான் ஸ்டெல்லாவும் ஆரோக்கியமும் வழியெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வந்திருக்கிறார்கள்.

சொல்லத் தெரியாதவன் கணக்குப் போட்டான். சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு தாம்பாளம் நிறைய அவித்த மல்லாட்டை கொண்டு வந்து வைத்தாள். நாங்கள் நிலக்கடலை என்போம். எங்கே இருந்தால் என்ன, உப்புப் போட்டு அவித்தால் கை தானாகப் போகும்.

"பத்துப் பத்தா எடுத்துக்கோங்க" என்றேன். "ரெண்டு வழி இருக்கு. இங்கயே இருக்கறது, விழுப்புரம் போறது. பாக்க வேண்டியது மூணு. டாக்டர் வசதி, ரோடு, மரியாதை. ரொம்ப நல்லதுன்னா பத்து மல்லாட்டையும் வையுங்க. மோசம்னா ஒண்ணும் வேண்டாம். நடுவுலன்னா நடுவுல."

"உரிச்சி வெக்கணுமா மச்சான், தோலோடயா?"

"தோலோட, மாப்ள."

இந்த முறையில் மதிப்பெண்களைக் கூட்டக் கூடாது, சராசரி எடுக்கக் கூடாது. ஒரு வழியின் மிகக் குறைந்த மதிப்பெண் எதுவோ அதுதான் அந்த வழியின் மதிப்பெண். எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கி ஒன்றில் கோட்டைவிட்டவனை ஃபெயில் என்றுதானே சொல்கிறோம். பிறகு, எந்த வழியின் குறைந்தபட்சம் பெரியதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயந்தவர்களுக்கான விதி. அதனால் எனக்குப் பிடித்த விதி.

வீட்டில் இருப்பதற்கு: டாக்டர் வசதிக்கு ஆரோக்கியம் ஐந்து வைத்தார், நான் எண்ணுவதற்குள் ஒன்றைத் தின்றுவிட்டார், நான்கு. தரவுகள் தொலைவதைப் பார்த்திருக்கிறேன், தின்னப்படுவதை அன்றுதான் பார்த்தேன். ரோட்டுக்கு அவரே மூன்று வைத்தார். மரியாதைக்கு ஸ்டெல்லா பத்தையும் வைத்து, தாம்பாளத்திலிருந்து இன்னும் இரண்டு எடுத்துப் போட்டாள். பத்துக்கு மேல் கூடாது என்று திருப்பிக் கொடுத்தேன்.

விழுப்புரத்துக்கு: டாக்டர் வசதிக்கு ஒன்பது, ரோட்டுக்கு ஒன்பது. மரியாதைக்கு ஸ்டெல்லா தேடித் தேடி ஒரே ஒரு மல்லாட்டை வைத்தாள். அதுவும் சொத்தை.

வீட்டுக்கு மூன்று. விழுப்புரத்துக்கு ஒன்று. என் கண்ணெதிரில் என் சூத்திரம், நிறைமாதக் கர்ப்பிணியை ஏரிக்கரையில் இருக்கச் சொன்னது.

"அப்ப வூடுதான்" என்றாள் ஸ்டெல்லா. சொன்னவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"இரு. மூணுக்கும் ஒரே எடை போட்டது தப்பு. எது எவ்வளவு முக்கியம்னு எடை போட்டு மறுபடியும் பண்ணலாம்."

"மானம் இன்னா கத்திரிக்காயா, எடை போட?"

என் பாடப் புத்தகத்தில் எடையை எப்படிப் பெருக்குவது என்று இருக்கிறது. யார் வீட்டுக்குப் போய் எப்படிக் கேட்டு வாங்குவது என்று இல்லை. ஆரோக்கியம் முடிவுகள் அனைத்தையும் உரித்துத் தின்றுவிட்டு எழுந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பல் துலக்கப் பின்பக்கம் போனேன். ஜெனிபர் துவைக்கும் கல்லில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"என்னம்மா?"

"கொழந்த அசைவு கொஞ்சம் கம்மியான மாதிரி இருக்குது. மாதிரிதான். எனக்கே சரியா தெர்ல. சொன்னா அம்மா அழுவும், அதான்."

கொஞ்சம் ஒன்று, மாதிரி ஒன்று, சரியாகத் தெரியாதது ஒன்று. மூன்று திரை போட்டு மறைத்த செய்தி. வகுப்பில் இதற்கு 0.3 போட்டிருப்பேன். அங்கே எண் எதுவும் போடாமல் போனை எடுத்தேன். முதலில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "யோசிக்காதீங்க, நேரா விழுப்புரம் போயிடுங்க" என்றார். அடுத்து, அம்மாவிடம்தானே சொல்லக் கூடாது என்று லூர்து மேரியைக் கூப்பிட்டேன்.

"வணக்கம் சம்மந்தியம்மா, நல்லா இருக்கீங்களா? அங்க மழை எப்படி?"

"மழைய கேக்கவா காலங்காத்தால போன் பண்றீங்க?"

விஷயத்துக்கு நான் சுற்றி வளைத்து வந்து சேர்வதற்குள் அவரே பிடித்துவிட்டார்.

"அன்னிக்கு உங்க தங்கச்சி இன்னா சொன்னாங்க, ஞாபகம் கீதா?"

"இருக்குங்க."

"கூரை இருக்குதுன்னாங்க."

"ஆமாங்க."

"இப்ப எங்க போச்சி கூரை?"

"கூரை இருக்குங்க. பாலந்தான் போயிடும்போல இருக்கு. அப்புறம்... குழந்தை அசைவு கொஞ்சம் கம்மியா இருக்குன்னு பொண்ணு சொல்லுது."

மறுமுனையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"சேசு மரி சூசை! இத மொதல்ல சொல்ல மாட்டீங்களா? நேரா ஆஸ்பத்திரிக்கு இட்டாங்க. சண்டைய அப்பால வெச்சிக்கலாம்."

உள்ளே போய், "கெளம்பு" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"கணக்கு வூடுன்னுதான சொல்லிச்சி?"

"கணக்க மாப்ள தின்னுட்டாரு. தாய்மாமன் சொல்றேன், கெளம்பு."

வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த வாக்கியத்தைச் சொன்னேன். குரல் நடுவில் உடைந்து கீச்சென்று போனது. ஆனாலும் வேலை செய்தது. ஸ்டெல்லா என் முகத்தையும் மகள் முகத்தையும் பார்த்தாள். பையில் துணி எடுத்து வைத்தாள்.

ஏழுமலையின் லோடு வேனில் முன்சீட்டில் தாயும் மகளும். பின்னால் நானும் ஆரோக்கியமும் தார்ப்பாயைத் தலையில் பிடித்துக்கொண்டு. தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போலாமா சார்?"

"ஆழம் எவ்வளவுங்க?"

"கணுக்காலுதான் இருக்கும். மொழங்காலு இருக்காது."

"போங்க" என்றேன். வண்டி தண்ணீரில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். முடிவெடுத்தவன் கண்ணைத் திறந்துகொண்டிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெல்ட் கட்டி இதயத்துடிப்பைப் பார்த்தார்கள். குதிரை ஓடுவது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துடிப்பு நன்றாக இருக்கிறது, தண்ணீர் ஆறு, வீடு பக்கத்தில்தான் என்றால் தினமும் காலையில் வந்து காட்டுங்கள் என்றார்கள். ஆறு என்றால் பார்க்க வேண்டும்.

வீடு பக்கத்தில்தான். ஆனால் தெருமுனையில் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். ஒரு கையில் பை, மறு கையில் மகள்.

"நான் வர்ல. இவள நீ இட்டுனு போ. நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக்கிறேன்."

லூர்து மேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கட்டைக் குரலும் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பும். நேராக ஸ்டெல்லாவின் எதிரில் வந்து நின்று சாவியை நீட்டினார்.

"இன்னா சம்மந்தி, தெருவுல நின்னு வேடிக்கை காட்டிக்கினு? புடிங்க. நான் என் தம்பி வூட்டுக்குப் போறேன். தலப்பிரசவம் தாய் வூட்லதான்னு நீங்கதான சொன்னீங்க? கொழந்த பொறந்து பொண்ணு எழுந்து நடமாடற வரைக்கும் இது உங்க வூடு. பொண்ண உங்க வூட்ல வெச்சிக்கினு பாருங்க. நான் இன்னாத்துக்கு குறுக்க?"

"ஐயையோ, உங்க வூட்ட வுட்டு நீங்க..."

"தம்பி பொண்டாட்டி கையால சாப்ட்டு ரொம்ப நாளாச்சி. அவளையும் ரெண்டு நாளு பேஜார் பண்ணணும் இல்ல? மிஷின மட்டும் தொடாதீங்க."

சாவியை ஸ்டெல்லாவின் பைக்குள் போட்டுவிட்டு, மருமகளின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டி, ஏழுமலையின் வேனிலேயே ஏறிப் போய்விட்டார். போகும் வழியில் அவரிடமும் ட்ராக்டர் பற்றிக் கேட்டிருக்கிறார் ஏழுமலை. "வாணாம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்ததாம்.

தெருவில் நின்று யோசித்தேன். ஸ்டெல்லா வைத்த அந்தச் சொத்தை மல்லாட்டையை நான் மாற்ற முடியாத எண் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எண்களின் மேல் எடை போடப் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்து இடம் மாறிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை சுள்ளென்று வெயில். மேகம் வேறு எங்கோ ஓரிரு இடங்களைத் தேடிக்கொண்டு போய்விட்டது. ஆரோக்கியம் ஊருக்குப் போய்ப் படம் அனுப்பினார். தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து, மேலே யாரோ மல்லாட்டைக் கொடி காயவைத்திருந்தார்கள். 'ரோடு சூப்பர் மச்சான்' என்று கீழே ஒரு வரி. ஸ்டெல்லா படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவர் அடுப்படியில் டம்ளர் தேடினாள். மனைவி போனில், "என்னங்க, நீங்க சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்களாமா?" என்றாள். அவள் குரலில் இருந்தது வியப்பா, கவலையா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் 0.5 இருக்கலாம். காலைப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். ஒரு குடும்பத்தையே கிளப்பிக் கொண்டுவந்து, ஒரு பெண்மணியை அவர் வீட்டைவிட்டுத் துரத்தி, எல்லோரையும் வெயிலில் உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை அந்தக் குதிரைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நடையாக மாறியது. மறுபடியும் ஓடியது. மறுபடியும் நடந்தது. இளம் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். வேறொருவரைக் கூப்பிட்டார். தண்ணீர் நான்கு. அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் கொஞ்சம் என்றோ மாதிரி என்றோ பேசவில்லை. "கையெழுத்துப் போடுங்க, இப்பவே எடுக்கணும்" என்றார்கள். ஸ்டெல்லா போட்ட கையெழுத்து தமிழா ஆங்கிலமா என்று தெரியாது.

வராண்டாவில் நானும் அவளும். லூர்து மேரி ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஒரு ஜெபமாலையின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். நான் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து நர்ஸ் ஒரு துணி மூட்டையைக் கொண்டு வந்தார். மூட்டை வாயைத் திறந்து வீரிட்டது.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

முழுதாக ஒன்று. தசமப் புள்ளியே இல்லை.

மதியத்துக்குள் எனக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. "அதுக்குத்தான் படிச்சவங்க வாணுன்றது. மச்சான் மல்லாட்டைய வெச்சே கண்டுபுடிச்சிட்டாரு" என்று ஊரிலிருந்து ஓடி வந்த ஆரோக்கியம் வராண்டா முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பயந்தது ஏரிக்கு. ஆபத்து வந்தது வேறு திசையிலிருந்து. அதைச் சொல்லிப் பார்த்தேன், தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆரோக்கியத்தின் தங்கை ஜெனிபருக்குத் துணை இருக்க, நானும் ஸ்டெல்லாவும் வீட்டுக்கு வந்தோம். பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும். கதவு தட்டும் சத்தம். திறந்தேன். லூர்து மேரி. புதுப் புடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தன் வீட்டு வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"சம்மந்தியம்மா இருக்காங்களா?"

ஸ்டெல்லா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு நொடி தடுமாறினாள். பிறகு வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"இன்னா வாசல்லயே நின்னுக்கினு? உள்ள வாங்க சம்மந்தி, ஒக்காருங்க. காபி சாப்ட்டுத்தான் போவணும்."

லூர்து மேரி தையல் மிஷின் பக்கம் திரும்பாமல், நாற்காலியின் நுனியில், முதல் தடவை வந்தவர் போல அடக்கமாக உட்கார்ந்தார். உள்ளே டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"சம்மந்தி, சக்கரைய எந்த டப்பாவுல வெச்சிருக்கீங்க?"

"என்னக் கேட்டா?" என்றார் லூர்து மேரி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க வூட்டு அடுப்படி எனக்கு எப்டி தெரியும்?"

அன்று மூன்று பேரும் சர்க்கரை இல்லாமல் காபி குடித்தோம்.